தலைக்கணக்கும் ஊர்க்கணக்கும்
(கரம்பொன் கிராமத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்)

கரம்பொன் என்றதும் தமிழ் கற்றோர் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் தனிநாயகம் அடிகளார். 1913ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 2ஆம் நாள் இவ்வூரிலே பிறந்தவர் அவர். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் கற்றார். 1964இல் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடவும் முன்நின்று உழைத்தார். அவரது பெருமையை விழா எடுத்துப் பேசும் நாம், அதனுள் அடங்கிய ஒரு சிறிய உண்மையைப் பேச மறந்துவிடுகின்றோம். தீவொன்றிற் பிறந்த ஒரு பிள்ளைக்கு நல்ல பாடசாலை ஒன்று அடுத்த ஊரிலேயே இருந்தது. அந்த அடிப்படை வசதி இல்லாதிருந்தால் அப்பிள்ளையின் அறிவு எந்தத் திசையில் போயிருக்கும் என்று எவரும் சொல்ல முடியாது.

பெரிய மனிதர்களை உருவாக்குவது மட்டும் ஒரு கிராமத்தின் வேலையன்று. அங்கு வாழும் சாதாரண மனிதர் மருந்துக்கும் தண்ணீருக்கும் படிப்புக்கும் அலையாமல் வாழ வழியிருக்க வேண்டும். அந்த வழி இன்று எமது தீவகக் கிராமங்களிலே நாளுக்கு நாள் ஒடுங்கி வருகின்றது. அதற்குக் காரணம் பணப் பற்றாக்குறை மட்டுமே என்று சொல்லி நாம் ஒதுங்கிவிடலாகாது. சேவைகளைப் பங்கிடும் கணக்கிலேயே ஒரு கோளாறு இருக்கின்றது என்பதே எமது கருத்து. அதனை விளக்கக் கரம்பொன்னை உதாரணமாக எடுத்துக்கொள்கின்றோம். ஏனைய தீவகக் கிராமங்களின் வாசகர்களும் இதிலே தத்தம் ஊரைக் கண்டுகொள்வார்கள் என நம்புகின்றோம்.

ஊர் வெறுமையான வரலாறு

ஒல்லாந்தர் லைடன் என்று பெயரிட்ட தீவின் வடமேற்குப் பகுதியிலே, நாரந்தனைக்கும் ஊர்காவற்றுறைக்கும் அயலாகக் கரம்பொன் அமைந்துள்ளது. பண்ணைத் தாம்போதியாலே இத்தீவு யாழ்ப்பாணத்துடன் தரைவழியாக இணைந்திருக்கின்றது. அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, சரவணை என்று ஊர்களைக் கடந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வந்தே இவ்விடத்தை அடைய வேண்டும். மறுபக்கம் ஊர்காவற்றுறைத் துறையிலிருந்து காரைநகருக்குப் 'பாதை' ஓடுகின்றது. பாய்க்கப்பல்கள் வந்துபோன காலத்திலே ஊர்காவற்றுறை பெருந்துறைமுகம். அத்துறைமுகத்தின் நிழலிலே அயற்கிராமங்களும் செழித்தன. வானம் பார்த்த நெல், புகையிலை, பனை, கடற்றொழில், தென்னிலங்கையிற் கடை வியாபாரம், அரசாங்க உத்தியோகம் எனத் தீவார் பல வழிகளிலே பிழைத்தனர். வெளியூரிற் சம்பாதித்தாலும் ஊரிலே வீடு கட்டுவது, கிணறு வெட்டுவது, பிள்ளைகளைப் படிப்பிப்பது என்பதே அவர்களது வழக்கமாயிருந்தது.

1983இன் கலவரம் தென்னிலங்கைக் கடைகளை அழித்தது. 1990 ஓகஸ்ட் மாதத்திலே தீவகத்தில் இராணுவம் தரையிறங்கிய போது மக்கள் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினர். 1991 ஒக்டோபரிலே தீவகம் முழுவதும் இராணுவத்தின் கட்டுப்பாட்டுள் வந்தது. யாழ்ப்பாணக் குடாநாடு 1995 இறுதி வரை மறுதரப்பின் கையில் இருந்தது. இதனால் இடையிலிருந்த ஒரு சிறு கடற்பரப்பு ஆண்டுக்கணக்காக ஒரு நாட்டின் எல்லை போலாயிற்று. உறவினர் இறந்த செய்திகூட உரிய நேரத்திற் கிட்டாத காலம் அது. பின்னர் பாதை திறந்தபோது சிலர் திரும்பினர். பலர் கொழும்பிலும் கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் வேரூன்றிவிட்டனர். 2006இல் மீண்டும் மூண்ட வன்செயல்கள் திரும்பி வந்தவர்களிற் சிலரையும் விரட்டின.

ஆகவே கரம்பொன்னின் வெறுமை இயல்பாக நேர்ந்த ஒன்றன்று. நகர வாழ்க்கையின் கவர்ச்சியால் மட்டும் ஆட்கள் போய்விடவில்லை. அவர்கள் போகும்படி நேர்ந்தது. இந்த வேறுபாட்டை ஏன் வற்புறுத்துகின்றோம் என்றால், இன்று அந்த ஊரை ஆட்கள் குறைந்த ஊர் என்று குறிப்பிட்டு அதன் சேவைகளைக் குறைப்பவர்கள், முதலில் நேர்ந்த இழப்புக்காக அம்மக்களை இரண்டாம் முறையும் தண்டிக்கின்றார்கள்.

தலைக்கணக்கின் குறை

அரச திணைக்களங்கள் சேவையை அளக்கும் கோல் பெரும்பாலும் ஒன்றே. இத்தனை பேருக்கு ஒரு மருத்துவமாது, இத்தனை பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், இத்தனை பயணிகள் ஏறினால் ஒரு பேருந்து. அடர்த்தியாக மக்கள் வாழும் இடத்திற்கு இக்கோல் பொருந்தும். ஆட்கள் சிதறி வாழும் தீவுக் கிராமத்திற்கு இது பொருந்தாது.

நூறு வீடுகள் உள்ள ஒரு குறிச்சியை எண்ணிப் பாருங்கள். அதில் எண்பது வீடுகள் வெறுமையாகி இருபது வீடுகளிலேயே ஆட்கள் இருக்கின்றனர் என வைத்துக்கொள்வோம். தலைக்கணக்கின்படி மருத்துவமாதின் வேலை ஐந்திலொன்றாகக் குறைந்துவிட்டது. அவர் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போக வேண்டிய தூரம் குறைந்ததா? அந்த இருபது வீடுகளும் ஒரே ஒழுங்கையில் இல்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாக முன்பிருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஒழுங்கையின் நீளமும் மின்கம்பியின் நீளமும் முன்பு போலவே உள்ளன. தபாற்காரரின் பாதையும் குறையவில்லை. பற்றை வளர்ந்து ஒழுங்கைகள் மூடிக்கிடப்பதால் வேலை கூடியும் இருக்கலாம். ஆட்கள் குறைந்தால் செலவு அதே அளவிற் குறையும் என்று எண்ணுவது கணக்குப் பிழை.

இரண்டாவது குறை, இருப்பவர்கள் யார் என்பதை இக்கணக்குப் பார்ப்பதில்லை. இளையோர் வெளியேறிய ஊரிலே எஞ்சுவோர் முதியோரும் பெண்களும் நாட்கூலிக் குடும்பங்களுமே. இவர்களுக்கே வைத்தியமும் போக்குவரத்தும் கூடுதலாகத் தேவை. தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று பங்கிடும்போது, அதிகம் தேவைப்படுபவர்களுக்கே குறைவாகக் கிடைக்கின்றது.

மூன்றாவது குறையே மிகவும் ஆபத்தானது. சேவை குறைந்தால் ஆட்கள் போவார்கள். ஆட்கள் போனால் சேவை மேலும் குறைக்கப்படும். இந்தச் சுழற்சிக்குத் தானாக நிற்கும் இடம் கிடையாது. பாடசாலையிலே விஞ்ஞான ஆசிரியர் இல்லை என்று ஒரு குடும்பம் யாழ்ப்பாணத்துக்கு வாடகை வீடு தேடிப் போகின்றது. அதனால் வகுப்பிலே இரு பிள்ளைகள் குறைகின்றனர். அடுத்த ஆண்டு இன்னோர் ஆசிரியர் இடமாற்றம் பெறுகின்றார். அதைப் பார்த்து இன்னொரு குடும்பம் போகின்றது. முடிவில் பாடசாலையை மூட உத்தரவு இடுபவர், ஆட்கள் தாமாகவே போய்விட்டார்கள் என்று எழுதுகின்றார்.

மக்கள் தொகையைக் கணக்கிடும் வேலையும் எமது மண்ணிலே ஒழுங்காக நடைபெறவில்லை. யாழ் மாவட்டத்தில் 1981இல் முழுமையான குடிசன மதிப்பீடு நடந்தது. அதன் பின்னர் 31 ஆண்டுகள் கழித்து 2012இலேயே மீண்டும் முழுமையாக நடத்த முடிந்தது. இடையில் நடந்த இடப்பெயர்வு முழுவதும் ஒரே வீழ்ச்சியாகக் கணக்கில் ஏறிற்று. அதன் விளைவை அரசியலிலும் காண்கின்றோம். 2010ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலே யாழ் மாவட்டத்துக்கு 9 பாராளுமன்ற ஆசனங்கள் இருந்தன. 2015இல் அது 7 ஆகியது. 2024இல் 6 ஆகக் குறைந்தது. முன்னொரு காலத்தில் தனித் தேர்தல் தொகுதியாக இருந்து தனக்கென ஒரு பிரதிநிதியை அனுப்பிய ஊர்காவற்றுறை, இன்று மாவட்டத்தினுள் ஒரு வாக்களிப்புப் பிரிவு மட்டுமே. ஆட்கள் குறைந்த இடத்துக்காகப் பேசும் குரல்களும் குறைந்துபோயின.

ஓர் ஆச்சியின் ஒருநாட் செலவு

சேவை ஒன்றை நிறுத்தினால் அரசுக்குச் செலவு மிச்சம் என்கின்றனர். அச்செலவு மறைந்துவிடுவதில்லை, வேறொருவர் மடிக்கு மாறுகின்றது.

இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ள ஓர் ஆச்சியை எடுத்துக்கொள்வோம். மாதமொருமுறை கிளினிக்குக்குப் போக வேண்டும். அடுத்த ஊரான ஊர்காவற்றுறையிலே ஆதார வைத்தியசாலை இருப்பது பெரும் ஆறுதல். ஆனால் அங்கில்லாத ஒரு பரிசோதனை அல்லது விசேட வைத்தியர் தேவைப்பட்டால் யாழ் போதனா வைத்தியசாலைக்கே போக வேண்டும். காலை பேருந்து தவறினால் அன்றைய கிளினிக் தவறிவிடும். ஓட்டோ பிடித்தால் போகவர ஆகும் கூலி அந்த மாதத்து முதியோர் கொடுப்பனவிற் பெரும் பகுதியை விழுங்கிவிடும். துணைக்கு ஒருவர் போனால் அவரது ஒருநாட் கூலியும் போய்விடும். பலர் இந்தக் கணக்கைப் பார்த்துப் போகாமலே விடுகின்றனர். குளிசை தீர்ந்து சில வாரம் கழியும். பிறகு பாரிசவாதத்துடன் அவசர வாகனத்திற் போவார்கள். 1990 அவசர அம்புலன்ஸ் சேவை 2018ஆம் ஆண்டு யூலை மாதத்திலே வட மாகாணத்துக்கும் வந்தது பெரிய உதவியே. எனினும் ஒரு பேருந்தை மிச்சம் பிடித்து அம்புலன்ஸ் ஓட்டுவது சிக்கனமாகாது.

இதுபோலவே மின்சாரப் பட்டியல் கட்டவும், ஓய்வூதியம் எடுக்கவும், காணி உறுதிப் பிரதி பெறவும், அஸ்வெசும கொடுப்பனவுக்கான பத்திரம் நிரப்பவும் வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு கந்தோர்களுக்கு அலைய வேண்டியுள்ளது. எல்லாம் கைத்தொலைபேசியிலே செய்யலாம் என்று அறிவிக்கின்றார்கள். கண் மங்கிய முதியவர் ஒருவர் இதற்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத்தான் தேட வேண்டும். அந்தப் பக்கத்து வீடு வெறுமையாயிருந்தால் யாரைத் தேடுவது?

மறுபக்க நியாயம்

அரசின் பக்கம் நியாயமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 2022 ஏப்ரல் மாதத்திலே வெளிநாட்டுக் கடன்களைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாடு இது. அதன் பின்னர் வைத்தியர்களும் தாதியரும் பெருந்தொகையாக வெளிநாடு சென்றனர். உள்ள ஆளணியை எங்கே நிறுத்துவது என்று அதிகாரிகள் திண்டாடுவது உண்மை.

பாடசாலை விடயத்தில் இன்னொரு நியாயமும் உண்டு. நான்கு பிள்ளைகள் மட்டும் இருக்கும் வகுப்பிலே விளையாட்டுக்குக் குழு சேராது. போட்டியும் பேச்சும் இராது. கூடப் படிக்கும் தோழர் இன்றி வளரும் பிள்ளைக்கும் இழப்பு உண்டு. கரம்பொன் சண்முகநாத மகா வித்தியாலயமும் சிறிய புஷ்ப மகளிர் மகா வித்தியாலயமும் பல தலைமுறைகளைப் படிப்பித்தவை. அவற்றின் பழைய மாணவர்கள் தம் பாடசாலையின் பெயர் நிலைக்க வேண்டும் என்று விரும்புவது இயல்பே. தீவகம் முழுவதுக்கும் பொதுவாகச் சொல்வதானால், பெயர் நிலைப்பதை விடப் பிள்ளை நன்றாகப் படிப்பதே முதன்மை. ஆகவே சில இடங்களிலே சிறு பாடசாலைகளை இணைப்பது தவிர்க்க முடியாததாயிருக்கலாம். நாம் அதற்கு எதிரிகள் அல்லர்.

ஆனால் ஒழுங்குமுறை ஒன்று வேண்டும். மாற்று வழி நடைமுறைக்கு வந்த பின்னரே பழையதை நிறுத்த வேண்டும். பாடசாலையை மூட முன்னர், பிள்ளையை வீட்டு வாசலிலிருந்து புதிய பாடசாலைக்குக் கொண்டுபோகும் வாகனம் ஓடத் தொடங்க வேண்டும். அதற்கு வழி இல்லாமலும் இல்லை. தேசிய போக்குவரத்து ஆணைக்குழு மாணவர்களுக்கெனச் 'சிசு செரிய' என்ற மானியப் பேருந்துச் சேவையையும், வருமானம் குறைந்த கிராமத்து வழித்தடங்களுக்கெனக் 'கெமி செரிய' என்ற சேவையையும் நாட்டிலே நடத்தி வருகின்றது. இலாபம் தராத வழியிலும் பேருந்து ஓட வேண்டும் என்பதை அரசே ஏற்றுக்கொண்டுள்ளது என்பதற்கு இவை சான்று. இவற்றை எமது ஊருக்குத் தாருங்கள் என்று கேட்பது பிச்சையன்று, உரிமை.

கிணறும் காணியும்

அரசிடம் கேட்பதோடு எமது பொறுப்பு முடிந்துவிடாது. ஊரார் தாமே செய்யக்கூடியவையும் உண்டு. அவற்றுள் முதலாவது தண்ணீர்.

தீவகத்தின் நிலத்தடி நீர் ஓர் அற்புதமான அமைப்பு. சுண்ணக்கல்லினுள்ளே இறங்கும் மழைநீர் உவர்நீரின்மேல் மெல்லிய வில்லை போல மிதக்கின்றது. மழைநீர் உவர்நீரை விடப் பாரம் குறைந்தது என்பதே இதற்குக் காரணம். கடல் மட்டத்திற்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியலாளரின் பொதுவான கணக்கு. இதன் மறுபக்கத்தையும் எண்ண வேண்டும். மேலே ஓரடி இறங்கினால் கீழே நாற்பதடி போய்விடும். துலாவால் அள்ளிய காலத்திலே நன்னீர் நிலைத்து நின்றதும், வலுவான இயந்திரம் வைத்து இறைத்த இடங்களிலே கிணறு உவர்த்துப் போனதும் இதனாலேயே.

மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையே பெய்கின்றது. அந்த நீரைத் தேக்கி நிலத்துள் இறக்கவே எமது முன்னோர் குளமும் கேணியும் துரவும் அமைத்தனர். கைவிடப்பட்ட வளவுகளிலே இவை தூர்ந்துவிட்டன. பாழ்ங்கிணறுகள் குப்பை கொட்டும் குழிகளாகி, அயற்கிணற்று நீரையும் பழுதாக்குகின்றன. வடமராட்சி கிழக்கின் தாளையடியிலே நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டிலே திறக்கப்பட்டது. குழாய் நீர் வருவது நல்லதே. குழாய் வந்துவிட்டது என்று குளத்தையும் கிணற்றையும் கைவிட்டால், மின்சாரமோ நிலையமோ தடைப்படும் நாளிலே குடிக்க வழியிராது. கடல்நீரை நன்னீராக்குவது மிகுந்த மின்செலவு பிடிக்கும் வேலை என்பதையும் மறக்கலாகாது.

கிணற்றைத் துப்புரவாக்குவதற்குச் சிரமதானம் வைக்கலாம். ஆனால் கிணறு யாருடைய வளவில் இருக்கின்றது? உரிமையாளர் ரொறொன்ரோவில் இருக்கிறார், அல்லது காலமாகிவிட்டார். பிள்ளைகள் நால்வர் நான்கு நாடுகளில் உள்ளனர். ஒருவர் காணிக்குள் நாளைக்கு ஆட்கள் புகுந்து உரிமை கொண்டாடிவிடுவார்களோ என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கின்றது. போர்க்காலத்திலே காணியை இழந்தவர்களைப் பாதுகாக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்திலே வன்செயலால் தம் காணிக்குப் போக முடியாதவர்களுக்கு எதிராக, பிறர் ஆட்சியுரிமைக் காலத்தை எண்ணுவதிலிருந்து விலக்குத் தருவது அது. அதன் பின்னரான காலத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று.

இதற்குத் தீர்வு எழுத்திலான உடன்பாடு. உரிமை இன்னாருடையது என்பதை ஒப்புக்கொண்டு, இத்தனை ஆண்டுக்குக் கிணற்றையும் தோட்டத்தையும் பயன்படுத்தவும் பராமரிக்கவும் மட்டும் ஊரிலிருக்கும் ஒரு குடும்பத்துக்கு அனுமதி கொடுக்கும் பத்திரம் ஒன்று நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படலாம். உரிமையாளருக்கு வளவு பற்றையாகாமல் இருக்கும். இங்குள்ளவருக்கு மரக்கறித் தோட்டமும் நல்ல தண்ணீரும் கிட்டும். பங்குத்தந்தையும் கோயில் தர்மகர்த்தாவும் கிராம அலுவலரும் சேர்ந்து இரு தரப்புக்கும் நம்பிக்கை ஊட்டினால் இது நடக்கும்.

வெளிநாட்டுப் பணம் போகும் இடம்

புலம்பெயர்ந்த எம்மவர் ஊரை மறக்கவில்லை. திருவிழாவுக்கு வருகின்றார்கள், பணம் அனுப்புகின்றார்கள். அவர்களது தாராளத்தை நாம் நன்றியோடு ஏற்கின்றோம். ஆனால் அப்பணம் பெரும்பாலும் கட்டடமாகவே நிற்கின்றது. வளைவு, மண்டபம், மதில், நினைவுக் கட்டடம் என்பன எழுகின்றன. கட்டடத்திற் பெயர் பொறிக்கலாம். மாதாமாதம் கொடுக்கும் சம்பளத்திலே பெயர் பொறிக்க முடியாது. அதனாலேயே தொடர் செலவுக்குப் பணம் சேர்வதில்லை.

எமது கிராமத்துக்கு இன்று கட்டடப் பஞ்சம் கிடையாது, ஆட்பஞ்சமே உண்டு. ஒரு மண்டபம் கட்டும் தொகையை வங்கியிலே நிரந்தர வைப்பாக இட்டால், அதன் வட்டியில் மாலை வகுப்புக்கு ஓர் ஆசிரியர், கிளினிக் நாளில் முதியோரை ஏற்றி இறக்க ஒரு வாகனம், பத்திரம் நிரப்பிக் கொடுக்க ஓர் இளம் பெண் என்று ஆண்டாண்டுக்கும் வேலை நடக்கும். சாதி, சமயம், குறிச்சி பாராமல் இவை எல்லார்க்கும் பொதுவாக நடத்தப்பட வேண்டும். இந்துக்களும் கத்தோலிக்கரும் அயலவராக வாழும் ஊரிலே, வாகனம் எந்த ஆலயத்து வாசலில் நிற்கின்றது என்று ஒரு நோயாளி யோசிக்க நேரக்கூடாது.

பிற நாட்டுத் தீவுகள் காட்டும் வழி

இது எமக்கு மட்டும் உள்ள துன்பமன்று. ஜப்பான் 1953ஆம் ஆண்டிலேயே தொலைதூரத் தீவுகளின் மேம்பாட்டுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. தீவில் வாழ்வோருக்கு நிலப்பரப்பில் வாழ்வோரை விடக் கூடுதற் செலவு உண்டு என்பதை அரசு ஏற்றுக்கொண்டதே அதன் அடிப்படை.

ஸ்கொட்லாந்து 2018இல் தீவுகள் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. புதிய கொள்கை ஒன்றையோ சேவை மாற்றம் ஒன்றையோ செய்யும் பொது நிறுவனம், அது தீவு மக்களை ஏனையோரிலும் வேறுவிதமாகப் பாதிக்குமா என்று முன்கூட்டியே ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்பது அதன் முக்கிய ஏற்பாடு. அதே நாட்டின் ஈக் என்ற சிறு தீவிலே 1997இல் ஏறத்தாழ அறுபது பேர்தான் இருந்தனர். தலைக்கணக்குப் பார்த்தால் அது முடிந்துபோன ஊர். அவ்வாண்டு அம்மக்கள் தாமே நிதி திரட்டி, அறக்கட்டளை ஒன்றின் மூலம் தீவை வாங்கினார்கள். 2008இல் நீர், காற்று, சூரிய ஒளி மூன்றிலும் இருந்து தமக்கென மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கினார்கள். அதன் பின்னர் அங்கு குடித்தொகை கூடியது. சேவை வந்தால் ஆட்கள் வருவார்கள் என்பதற்கு இது ஒரு நல்ல சான்று.

எமது அயலிலும் அத்தகைய முயற்சி உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றும் சூரிய ஒளியும் கலந்த மின்திட்டத்துக்கு இந்தியாவுடன் 2022இல் உடன்பாடு செய்யப்பட்டு, 2024 மார்ச்சிலே ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. இயந்திரத்தைப் பொருத்துவதோடு அது நின்றுவிடாமல், அதைப் பராமரிக்கும் பயிற்சி தீவக இளைஞருக்கே கொடுக்கப்பட வேண்டும் என்பதை இப்போதே கேட்டுவைக்க வேண்டும்.

நாம் வேண்டுவது

கரம்பொன்னுக்கும் அதுபோன்ற கிராமங்களுக்கும் உடனடியாகச் செய்யக்கூடியவை எனப் பின்வருவனவற்றை முன்வைக்கின்றோம்.

முதலாவது, ஊர்ச் சேவை நாள். மாதத்தில் இரு குறித்த நாட்களிலே மருத்துவமாது, கிராம அலுவலர், சமுர்த்தி உத்தியோகத்தர், தபால் உத்தியோகத்தர், விவசாயப் போதனாசிரியர் ஆகியோர் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். அதற்குப் புதிய நியமனம் எதுவும் வேண்டியதில்லை. நாட்களை ஒழுங்குபடுத்தினாற் போதும். ஐந்து நாள் அலைச்சல் ஒரு நாளாகும்.

இரண்டாவது, பேருந்து நேரமும் பாதையின் நேரமும் கிளினிக், பாடசாலை நேரங்களோடு பொருந்த வேண்டும். அரச பேருந்தும் தனியார் பேருந்தும் ஒன்றையொன்று துரத்தி ஒரே நேரத்தில் ஓடி, பின்னர் நீண்ட நேரம் இரண்டும் இல்லாதிருக்கும் நிலை மாற வேண்டும். பாதை பழுதுபட்டால் மாற்று ஏற்பாடு என்ன என்பதும் முன்னரே அறிவிக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, ஊர்ப் பதிவேடு. யார் இருக்கின்றார்கள், யாருக்கு என்ன வருத்தம், எந்த வீட்டில் தனித்த முதியவர், எந்தக் கிணறு நன்னீர், எது உவர் என்பதை மாதர் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து எழுதி வைக்க வேண்டும். கொழும்பின் கணக்கு எமது ஊரைத் தவறாகக் காட்டினால், மறுத்துரைக்க எம்மிடம் சரியான கணக்கு இருக்க வேண்டும்.

நான்காவது, தொடர் செலவு நிதி. மேலே சொன்னவாறு வெளிநாட்டுச் சங்கங்கள் தம் நன்கொடையில் ஒரு பங்கையாவது வைப்பாக இட வேண்டும். அதன் கணக்கு ஆண்டுதோறும் ஊர்க்கூட்டத்திலே வாசிக்கப்பட வேண்டும்.

ஐந்தாவது, பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வீதி, பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் என்பவற்றை அச்சபைகளின் பொறுப்பிலே விட்டுள்ளது. 2025 மே 6ஆம் நாள் நடந்த தேர்தலிலே எமது வாக்குகளால் உறுப்பினர்கள் தெரிவாகியுள்ளனர். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின்னர் தேர்தல் நடத்தப்படாமலே ஆண்டுகள் கழிந்த நிலையில், மக்களுக்கு அருகிலுள்ள தெரிவான சபை இதுவே. இவ்வுறுப்பினர்களைத் திறப்பு விழாவுக்கு அழைப்பதை விட, பதிவேட்டைக் கையிற் கொடுத்து ஊரைச் சுற்றிக் காட்ட அழைப்பதே மேல்.

முடிவாக

திருச்சபையின் சமூகப் போதனையிலே, 1931இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் தெளிவாக எடுத்துரைத்த ஒரு தத்துவம் உண்டு. சிறிய அமைப்புத் தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்புப் பறிக்கக்கூடாது, சிறியதைத் தாங்குவதே பெரியதன் கடமை என்பது அதன் சாரம். கரம்பொன் மக்கள் கேட்பதும் அதுவே. தம்மைத் தூக்கிச் சுமக்கும்படி அவர்கள் எவரையும் கேட்கவில்லை. தாம் நிற்கும் நிலத்தைக் காலடியிலிருந்து உருவாதீர்கள் என்றே கேட்கின்றார்கள்.

நல்லாயனின் உவமையை நாம் அனைவரும் அறிவோம். தொண்ணூற்றொன்பது இருக்கும்போது ஒன்றைத் தேடிப் போவது தலைக்கணக்கின்படி நட்டமே. ஆயினும் எந்த ஆடும் தான் அந்த ஒன்றாகிவிட்ட நாளிலே தேடப்படும் என்ற நம்பிக்கையாலேயே மந்தை மந்தையாக நிற்கின்றது. கிராமமும் அப்படியே. கடைசி வீட்டுக்கும் மருந்து போகும், தண்ணீர் போகும், கடிதம் போகும் என்ற உறுதி இருக்கும் ஊருக்கே இளங்குடும்பங்கள் திரும்பி வரும். இந்த மழைக்கு முன்னர் ஒரு குளத்தைத் தூர்வாருவோம், ஒரு கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குவோம், பதிவேட்டின் முதற்பக்கத்தை எழுதுவோம். அதைக் கையில் வைத்துக்கொண்டு எமக்குரியதைக் கேட்போம்.